பாப்பிக்கு எதிரே ஒரு பூவரசம்பூ

முதல் உலகப் போர் முடிந்த நாள் நவம்பர் 11. அந்த நாளில் பிரிட்டனில் பலர் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூவைக் குத்திக்கொள்வார்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி வயல்களில் களையாக முளைக்கும் செடி அது. விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். மண் புரண்டு வெளிச்சம் பட்டால்தான் முளைவிடும். குண்டுகளும் பதுங்கு குழிகளும் புதைகுழிகளும் அந்த மண்ணைப் புரட்டிப் போட்டன. கல்லறைகளுக்கு நடுவே பாப்பி செக்கச்செவேலென்று பூத்தது. 1915 மே மாதம், கனடிய ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே நண்பரை அங்கே பறிகொடுத்தபின் எழுதிய கவிதை அந்தப் பூவை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 1921இல் பிரிட்டிஷ் லீஜன் அமைப்பு துணிப் பாப்பிகளை விற்று, முன்னாள் படைவீரர்களுக்கு நிதி திரட்டத் தொடங்கியது. சிந்திய ரத்தத்தின் நிறமாகவே மக்கள் அந்தச் சிவப்பைப் பார்த்தார்கள்.

துக்கத்துக்கு அடையாளமாக அந்தப் பூ அவர்களுக்குப் பொருந்தியது. ஆனால் அதே பூ கப்பலேறி இலங்கைக்கு வந்தபோது கதை வேறாகிவிட்டது. பாப்பி விற்ற பணத்தில் பெரும்பங்கு பிரிட்டிஷ் வீரர்களுக்கே போனது. இலங்கையிலிருந்து போருக்குப் போய்த் திரும்பியவர்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தார்கள். அவர்களில் ஒருவரான ஏலியன் பெரேரா, அதே நவம்பர் 11 அன்று போட்டிக்கு ஒரு பூவை விற்க ஆரம்பித்தார். அதுதான் சூரிய மல், நம் பூவரசம்பூ.

வேலியோரத்தில் நிற்கும் பூவரசின் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை நம் ஊர்களில் உண்டா? காலையில் இளமஞ்சளாக, அடியில் கருஞ்சிவப்புப் பொட்டோடு விரியும் பூ, சாயங்காலத்துக்குள் சிவந்து வாடிவிடும். காசு கொடுத்து யாரும் வாங்காத அந்தப் பூவைத் தேர்ந்தெடுத்ததில்தான் எத்தனை துணிச்சல்!

1933இல் அந்த விற்பனைக்குப் புது வேகம் பிறந்தது. இலங்கையில் பணியாற்றிய ஆங்கிலேய ஆசிரியை டொரீன் யங், 'பூக்களின் போர்' என்ற பொருளில் தலைப்பிட்டு 'சிலோன் டெய்லி நியூஸ்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். சொந்த நாட்டு வீரர்கள் தவிக்கையில் இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளைப் பாப்பி வாங்கச் சொல்லி வற்புறுத்துவது என்ன நியாயம் என்று கேட்டார். சக ஆங்கிலேயர்கள் அவரைத் தூற்றினார்கள். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. கட்டாயப்படுத்திக் குத்த வைத்த பூவில் அஞ்சலி எங்கே இருக்கிறது?

தென் கொழும்பு இளைஞர் அணி இந்த இயக்கத்தைக் கையிலெடுத்தது. மஞ்சள் பூ ஏகாதிபத்தியத்துக்கும் போருக்கும் எதிரான அடையாளமானது. டொரீன் யங் தலைவரானார். அதே 1933இல் பிரிட்டனிலும் கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தினர், இனிப் போரே வேண்டாம் என்று வெள்ளைப் பாப்பி குத்தத் தொடங்கியிருந்தார்கள்.

சூரிய மல்லை வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். சேர்ந்த தொகையும் பெரிதில்லை. ஆனால் 1934-35இல் மலேரியா கொத்துக் கொத்தாக உயிர்களைக் கொண்டுபோனபோது, இந்த இளைஞர்கள் மருந்தும் உணவுமாகக் கிராமங்களுக்குள் இறங்கினார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் பலர், தெருவில் நின்று பூவரசம்பூ விற்ற இவர்களே.