கொதிநீரும் பிளாஸ்மாவும்



திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை என்று சொன்னவுடன் கோரைப்பாய்தான் எவர் நினைவுக்கும் வரும். கோரையை அறுத்து உலர்த்துவார்கள். நீரில் பல நாள் ஊறவைப்பார்கள். மீண்டும் உலர்த்தி, நூலினும் மெல்லியதாகக் கீறி, பருத்திப் பாவிலோ பட்டுப் பாவிலோ நெய்வார்கள். பாயின் மென்மை தறியில் பிறப்பதன்று. தறிக்கு வருமுன் நடக்கும் இந்தக் கழுவலிலும் உலர்த்தலிலும் பிறப்பது. இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் பேசவிருக்கும் பொருளுக்கு அது இறுதியில் பயன்படும்.

அவ்வூரில் 1887இல் குப்புசுவாமி என்ற குழந்தை பிறந்தது. பின்னாளில் சுவாமி சிவானந்தர் என்று உலகம் அறிந்தவர் அவரே. துறவு பூணுமுன் அவர் ஒரு மருத்துவர். தஞ்சையில் மருத்துவம் பயின்று, 1913இல் மலேயாவுக்குச் சென்று, சிரம்பானை அடுத்த ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் பணிபுரிந்தார். அக்காலத்து மருத்துவர் ஒருவர் கத்தியையும் ஊசியையும் நோயாளியின் உடலில் செலுத்துமுன் அவற்றிலுள்ள கிருமிகளை எவ்வாறு ஒழித்தார்? நெருப்பும் நீரும் நீராவியுமே அவருக்குப் பெருந்துணை. இன்றோ பெரிய மருத்துவமனைகளில், கை பொறுக்கும் சூட்டிற்குச் சற்றே மேற்பட்ட வெப்பத்தில் அவ்வேலையை முடிக்கும் பிளாஸ்மாக் கருவி உள்ளது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வரலாறு, வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடங்களும் அதில் உண்டு.

கொதிக்கும் நீரில் கிருமிகள் மாளும் என்றுதான் முதலில் எண்ணினர். ஆனால் சில கிருமிகள் தடித்த ஓட்டுக்குள் ஒடுங்கி, வித்துப்போல் உறங்கும் என்பதை 1876இல் ஜெர்மானிய அறிஞர் கோன் விளக்கினார். இவ்வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். ஆகவே நீராவியை மூடிய கலத்தில் அடக்கி, அழுத்தத்தைக் கூட்டி, சூட்டை 100 பாகைக்கு மேல் உயர்த்த வேண்டியதாயிற்று. பாஸ்டரின் துணைவரான சாம்பர்லாண்டு 1879இல் அத்தகைய கலத்தை அமைத்தார். நாம் ஆட்டோக்ளேவ் என்று வழங்குவது அதுவே. 121 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீராவி, கால்மணி நேரம் படிந்தால் வித்துகளும் அழியும்.

கருவி வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. 1902ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பஞ்சாபில் முல்கோவால் என்ற சிற்றூரில் பிளேக் நோய்க்கு எதிராக ஊசி குத்தினர். ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் இசிவு நோய் கண்டு மாண்டனர். அம்மருந்தை உருவாக்கிய ஹாஃப்கின் என்ற அறிஞர்மீது பழி விழுந்தது. அவர் பதவியும் போயிற்று. ஆனால் புட்டியைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி தரையில் விழுந்தது என்பதும், அதை முறையாகக் கிருமி நீக்காமலே பயன்படுத்தினர் என்பதும் விசாரணையில் வெளிவந்த செய்திகள். இசிவு நோயின் வித்துகள் மண்ணில் வாழ்பவை அல்லவா? ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடிய பின், 1907இல்தான் ஹாஃப்கின்மீது படிந்த களங்கம் நீங்கியது. ஒரு நொடிப் பொழுதின் அசட்டை 19 குடும்பங்களைக் கலக்கியது. குற்றமற்ற ஒருவரை ஐந்தாண்டுக் காலம் குற்றவாளியாக நிற்கவைத்தது.

இனி அடுத்த படிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பிளாஸ்டிக்குக் குழாய்களும், நுண்ணிய ஆடிகளும், மின்கருவிகளும் அறுவைக் கூடத்துள் புகுந்தன. நீராவியில் வைத்தால் இவற்றுள் பல உருகும், சில பழுதாகும். அவற்றுக்காக எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவைக் கையாண்டனர். அது சூடு மிகாமலே கிருமிகளைக் கொல்லும். ஆனால் தீப்பற்றும், நச்சும் உடையது. பொருள்களில் ஊறிய வாயு வெளியேறப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். தீ அபாயத்தைக் குறைக்க அதனுடன் கலந்துவந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயு, வானத்து ஓசோன் படலத்தைச் சிதைப்பது என்று அறியப்பட்டது. அவ்வகை வாயுக்களைக் குறைத்து நிறுத்த 1987இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை ஏற்பட்டது. புதிய வழி தேடும் தேவை இவ்வாறு வலுத்தது.

அவ்வழியைத் தந்தது பிளாஸ்மா. திடம், திரவம், வாயு என்னும் மூன்று நிலைகளுக்கு அப்பால், மின்னாற்றலால் அணுக்கள் சிதறி ஒளிரும் நான்காம் நிலை அது. குரூக்ஸ் என்ற ஆங்கில அறிஞர் அதைப்பற்றி உரையாற்றியதும் 1879இல்தான். சாம்பர்லாண்டின் கலம் பிறந்த அதே ஆண்டு! பிளாஸ்மா என்ற பெயரை 1928இல் வழங்கியவர் லாங்மியூர். இது மருத்துவமனைக் கருவியாக விற்பனைக்கு வந்தது 1990க்குப் பின்னரே.

அக்கருவியின் செயல் யாது? கலத்தினுள் கருவிகளை வைத்து மூடிக் காற்றை இறைத்து எடுப்பர். பின்பு ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியாகி உள்ளே பரவும். கிருமிகளைக் கொல்வதில் பெரும்பங்கு இந்த ஆவிக்கே உரியது. அடுத்து, என் குரலை உங்களிடம் கொண்டுவருகின்ற வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்த மின்னாற்றலைச் செலுத்தினால், ஆவி பிளாஸ்மாவாக ஒளிரும்; எஞ்சிய பெராக்சைடு சிதையும். முடிவில் நீரும் ஆக்சிஜனுமே மிஞ்சும். வெப்பம் ஏறத்தாழ 50 பாகை அளவில் நின்றுவிடும். கருவியின் வகைக்கேற்ப ஒரு மணி நேரத்துக்கு முன்னோ பின்னோ வேலை முடிந்துவிடும்.

எனினும் இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1998இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கண் அறுவை செய்துகொண்ட சிலரின் விழிப்படலம் பழுதுற்றது. அங்குப் பயன்பட்டது வேறு வகையான பிளாஸ்மாக் கருவி. அதில் பெராசெட்டிக் அமில ஆவியைப் பயன்படுத்தினர். அது அறுவைக் கருவிகளிலிருந்த பித்தளையை அரித்தது. செம்பும் துத்தநாகமும் கலந்த கசடு நோயாளியின் கண்ணுக்குள் சென்றது. கிருமி ஒழிந்தது, கேடு ஒழியவில்லை! எந்தப் பொருளுக்கு எந்த முறை பொருந்தும் என்பதை ஆராய்ந்தே பயன்படுத்த வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். பருத்தித் துணி, காகிதம், கோரை போன்ற தாவர நார்ப்பொருள்கள் பெராக்சைடு ஆவியை உறிஞ்சிவிடும். ஆகவே அவற்றைப் பிளாஸ்மாக் கலத்தில் வைப்பதில்லை. அவற்றுள் துணிக்கு இன்றும் பழைய நீராவிக் கலமே தஞ்சம். புதியது வந்ததால் பழையது வீழ்ந்துவிடவில்லை. ஈரமான கருவியையும் பிளாஸ்மாக் கலம் ஏற்பதில்லை. வெற்றிடம் கூடாமல் வேலையை நிறுத்திவிடும். குருதிக் கறை படிந்திருந்தால் அதன் மறைவில் கிருமி தப்பிவிடும். ஆகையால் முதலில் ஒருவர் கருவிகளைத் தேய்த்துக் கழுவி, துளி ஈரமின்றி உலர்த்தியாக வேண்டும். வித்துகள் அடங்கிய சிறு குப்பியைக் கருவிகளுடன் வைத்து, அவை மாண்டனவா என்று சோதித்தும் பார்க்க வேண்டும்.

பத்தமடைப் பாய்க்குத் தறிக்கு முந்திய உழைப்பு எப்படியோ, பிளாஸ்மாக் கலத்துக்கு இக்கழுவலும் உலர்த்தலும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத பகையை வெல்லும் பொறி எத்துணை நுட்பமானதாயினும், அதற்கு முன் நிற்கும் கை அசட்டை செய்தால் முல்கோவால் மீண்டும் நிகழும். உங்களுள் மருத்துவராகவும் செவிலியராகவும் பொறியியலாளராகவும் வரப்போகிறவர்கள் இதனை மறவாதிருப்பார்களாக.