கொல்லைக்குப் போனது

தென்னாற்காட்டுப் பேச்சில் கொல்லை என்றால் புன்செய். மல்லாட்டையும் கம்பும் விளைகிற மேட்டு நிலம். அதே பேச்சில், "கொல்லைக்குப் போய்விட்டு வருகிறேன்" என்றால் அது வேறு காரியம். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்ததில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. ஊர் உண்டது எங்கே விளைந்ததோ, அங்கேயே ஊர் போய் உட்கார்ந்தது.

குயிலாப்பாளையத்துச் செம்மண்ணைப் பார்த்தவர்களுக்கு அதன் பசி தெரியும். மழை பெய்தால் மேல்மண் கரைந்து கடலை நோக்கி ஓடும். பல தலைமுறைகள் ஓடிய ஓட்டத்தில் ஆழமான ஓடைப் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. 1968-இல் பக்கத்தில் ஆரோவில் எழுந்தபோது, வந்தவர்கள் முதலில் செய்யவேண்டியிருந்த வேலை கரை போடுவதும் மரம் நடுவதுமாகவே இருந்தது. பின்னாளில் அங்கே பல குடியிருப்புகளில் கழிவுநீரைச் செடி வளர்ந்த படுகைகள் வழியே தெளிய வைத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சினார்கள். சுற்றுப்புறத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்க் வந்தது. அது நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. லாரி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு.

அமெரிக்க மண்ணியல் நிபுணர் எஃப். எச். கிங் 1909-இல் சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளில் சுற்றினார். ஷாங்காய் நகரின் அந்நியர் குடியிருப்புப் பகுதியில் மட்டும், ஒரு வருஷத்து மலக் கழிவு 78,000 டன்னை அள்ளிக்கொண்டு போகும் உரிமைக்கு, ஒரு காண்டிராக்டர் 31,000 டாலர் கொடுத்தார் என்று எழுதினார். பணம் நகரம் கொடுக்கவில்லை. அள்ளுகிறவர் நகரத்துக்குக் கொடுத்தார்! அந்தப் புத்தகம் 1911-இல் வெளிவந்தது. அதன் தாக்கத்தில் வளர்ந்தவர் ஆல்பர்ட் ஹோவர்டு. இந்தூரில் 1924 முதல் அவர் நடத்திய ஆராய்ச்சி, சாணமும் தழையும் சருகும் அடுக்கிக் குவித்து, இடையிடையே புரட்டிப் போட்டு மக்கவைக்கும் இந்தூர் முறையாக உருவாயிற்று. குவியலுக்குள் சூடு 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். காற்று புகுந்தால்தான் அந்தச் சூடு, புரட்டினால்தான் காற்று.

சாணமும் சருகும் என்றால் சரி. மலம் என்றால் புரட்டுகிறவர் யார்? நம் நாட்டில் இதற்கு விடை எழுத வேண்டியதில்லை; எந்த ஜாதியின் தலையில் அது விழும் என்று குழந்தைக்கும் தெரியும்.

அதனால்தான் சி. என். ஆச்சாரியா 1939-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கண்ட முறையைப் பெரிதாக நினைக்கிறேன். சுமார் மூன்றடி ஆழத்தில் நீளக் குழி. அரையடிக் குப்பை, அதன்மேல் இரண்டங்குல மலம், மறுபடி குப்பை என்று அடுக்கி, மேலே கனமாகக் குப்பை போட்டு மண் மூடிவிடவேண்டும். அவ்வளவுதான். புரட்டுவது கிடையாது. ஒரு வாரத்தில் உள்ளே சூடு 60 டிகிரிக்கு ஏறி, இரண்டு மூன்று வாரம் நிற்கும். பிறகு மெல்ல ஆறும். நாலு மாதம் முதல் ஆறு மாதம் கழித்துத் திறந்தால் கறுத்த எரு, நாற்றமில்லை. குழியின் ஓரங்களில் சூடு அவ்வளவு எட்டாது. அதை ஈடுகட்டத்தான் அந்த மாதக் கணக்கு. 1940-களில் பல முனிசிபாலிடிகள் இந்த முறையை எடுத்துக்கொண்டன.

அவசரப்பட்டால் என்ன? நாக்குப்பூச்சியின் முட்டை மண்ணில் வருஷக் கணக்கில் சாகாமல் கிடக்கும். கொக்கிப்புழு அதைவிடப் பொல்லாதது. வாய் வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. ஈர மண்ணில் பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு நுழையும். கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தம் கையில் தற்செயலாகச் சிந்திய துளியால் இதை அறிந்தார். இங்கே அறிய அவ்வளவு தூரம் போகவேண்டாம். மதுரையை அடுத்த அவனியாபுரத்தைப் போல, சாக்கடை நீர் பாய்ச்சிப் புல் வளர்த்த பண்ணைகள் நாட்டில் பல இருந்தன. 1970-களில் நாகபுரி ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட பண்ணைகளின் தொழிலாளிகளைச் சோதித்தபோது, மற்ற விவசாயிகளைவிட அவர்களிடம் கொக்கிப்புழு அதிகமாக இருந்தது. புல் தின்ற மாட்டின் பாலை நகரம் குடித்தது. சோகை மட்டும் புல் அறுத்தவருக்கு.

ஆச்சாரியாவின் குழி புரட்டுகிற வேலையை ஒழித்தது, கூடையை ஒழிக்கவில்லை. குழிவரைக்கும் சுமந்து வந்தவர் சுமந்துகொண்டேதான் இருந்தார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-இல் வந்தது; அது போதாமல் 2013-இல் இன்னொன்று. இதற்குள் யூரியா மூட்டை மலிவாகிவிட, முனிசிபாலிடிக் குழிகளைக் கேட்பாரில்லை.

கூடையின் இடத்தை லாரி பிடித்தது. பெங்களூரைச் சுற்றி விவசாயிகளே லாரிக்காரரிடம் பேசி, கழிவைத் தங்கள் நிலத்தில் கொட்டச்சொல்லி, காயவைத்து உரமாக்கிக்கொண்டார்கள். நன்றாகக் காயவைத்தவரும் உண்டு. காயுமுன் உழுதவரும் உண்டு. 2015-இல் தேவனஹள்ளியில், இந்தக் கழிவைத் தெளியவைத்துக் காயவைத்து, ஊர்க் குப்பையோடு சேர்த்து மக்கவைக்கும் நிலையம் அமைந்தது. தமிழ்நாட்டில் முதலாவது 2017-இல் கருங்குழியில், திண்டிவனத்திலிருந்து சென்னை போகிற வழியில், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில். நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர் கொள்ளும் அளவில் கட்டப்பட்டது.

புழு செத்தால் போதுமா என்றால், போதாது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் கழிவில் குரோமியம் இருக்கிறது. அது எத்தனை மாதம் புதைத்தாலும் மக்காது. நகரக் குப்பை எருவுக்கு இந்திய உரக் கட்டுப்பாட்டு உத்தரவு வைத்திருக்கும் எல்லை, கிலோவுக்குக் குரோமியம் 50 மில்லிகிராம், காட்மியம் 5, ஈயம் 100. வீட்டு டாங்க் கழிவில் இந்த உலோகங்கள் கொஞ்சம்தான். தொழிற்சாலை வாய்க்காலும் கலந்த நகரச் சாக்கடைச் சகதிதான் சந்தேகத்துக்குரியது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலம் 2022-இல் சாக்கடைச் சகதியை வயலில் போடுவதையே தடைசெய்துவிட்டது. காரணம், பாத்திரப் பூச்சு முதலியவற்றிலிருந்து வருகிற, அழியவே அழியாத ஒரு ரசாயனக் குடும்பம்.

அதே அமெரிக்காவின் 1993-ஆம் வருஷத்து மத்திய விதியில் ஒரு வேடிக்கை உண்டு. முழுக்கச் சுத்தமாகாத, இரண்டாந்தரச் சகதியை வயலில் போட்டால், மண்ணுக்குள் காய்க்கும் உணவுப் பயிரை அறுவடை செய்ய எத்தனை நாள் பொறுக்கவேண்டும்? நாலு மாதமாவது மண்மேல் கிடக்கவிட்டுப் பிறகு உழுதிருந்தால் 20 மாதம். அதற்கு முன்பே உழுது மூடியிருந்தால் 38 மாதம். வெயிலும் உலர்ச்சியும் செய்கிற வேலையை மண்ணின் ஈரம் கெடுத்துவிடுகிறது. குயிலாப்பாளையத்துக் கொல்லையில் மல்லாட்டை போடுகிறவருக்கு இது மூன்று வருஷத்துக் கணக்கு. அத்தனை காலம் எந்தக் குடியானவர் காத்திருப்பார்? அவர் கேட்டு வாங்கவேண்டியது சூடேறி மக்கி முடிந்த எருவைத்தான். அரைகுறையாகக் காய்ந்ததுதான் கிடைக்கும் என்றால், அது சவுக்குத் தோப்புக்குப் போகட்டும். போடுகிறவர் காலுக்கு ரப்பர் பூட்ஸை எரு வாங்குகிறவரே வாங்கிக் கொடுக்கட்டும்.