வடியாத மண்: முருங்கன் களிநிலமும் கட்டுக்கரைக் குளத்தின் வரலாறும்

இலங்கையின் வடமேற்கே, மன்னார்ப் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக் குளத்தின் நீரை நம்பி விரிந்து கிடக்கின்றன முருங்கன் வயல்கள். ஆங்கில ஆவணங்கள் அக்குளத்தை இராட்சதர் குளம் எனப் பொருள்படும் பெயரால் குறிக்கின்றன. அதனைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அணையைப் பற்றியே எழுதினர். கட்டியவர் யார், எந்த நூற்றாண்டு, எந்த அரசு என்பனவே அவர்தம் வினாக்கள். அணையின் கீழே கிடக்கும் மண்ணை ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொண்டு வினவியோர் மிகச் சிலர். இக்கட்டுரை அம்மண்ணிலிருந்து தொடங்குகிறது.

1961இல் எப். ஆர். மூர்மன், சி. ஆர். பானபொக்கே ஆகிய இருவரும் இலங்கை மண்களுக்கு வகுத்தளித்த வகைப்பாட்டில் முருங்கன் களி 'குறுமுசோல்' எனும் தொகுதியுள் அடங்கும். மண்கட்டியையோ சிறு குவியலையோ குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 1950இல் அமெரிக்க அறிஞர் ஆக்கிய பெயர் இது. 1960இல் வெளிவந்த அமெரிக்க வகைப்பாட்டில் அதே மண் 'வேர்ட்டிசோல்', அதாவது புரளும் மண், எனப் பெயர் மாறியது. பெயர் பொருத்தமானதே. இவ்வகை மண்ணில் களியின் பங்கு 30 விழுக்காட்டுக்குக் குறையாது. அக்களியிலும் ஈரம் பட வீங்கி உலரச் சுருங்கும் மொன்மொரிலொனைற்று போன்ற கனிமங்களே மேலோங்கும். கோடையில் நிலம் ஆழமாகப் பிளக்கும். மேற்பரப்பின் பொருக்கு பிளவுகளுள் உதிரும். மழை வந்ததும் உட்புகுந்த மண்ணும் சேர்ந்து வீங்க, அடிமண் மேலெழத் தள்ளப்படும். நிலம் தன்னைத்தானே உழுதுகொள்கிறது என்று கூறினும் மிகையாகாது.

நீரை அது ஏற்கும் முறையும் இரு நிலைப்பட்டது. முதல் மழையையோ வாய்க்காலின் முதல் நீரையோ பிளவுகள் அப்படியே விழுங்கிவிடும். பிளவுகள் மூடிக்கொண்டபின் நீர் கீழிறங்குவது ஏறக்குறைய நின்றுவிடும். வயலில் நின்ற நீர் நின்றபடியே இருக்கும். மண்ணியல் அட்டவணைகள் இதனை 'நீர்வடிப்புக் குறைந்தது' எனக் குறிக்கின்றன. இக்குறிப்பில் ஒரு தீர்ப்பு மறைந்திருக்கிறது என்பதே எனது வாதம். கோதுமைக்கும் பருத்திக்கும் மண் தேடியவர்களின் அளவுகோல் அது. அவற்றின் வேருக்குக் காற்று வேண்டும். நெல்லுக்கோ நீர் நிற்பது குறையன்று. ஆண்டு மழை 1,000 மில்லிமீற்றரை எட்டாத, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையிலான காலத்துக்குள் கொட்டித் தீரும் ஒரு நாட்டில், அதுவே நெல்லின் உயிர்.

வன்னியின் ஏனைய குளங்களிலும் இதே நியாயத்தைக் காணலாம். அங்கு மேட்டில் செங்கபில மண். சரிவின் அடியில், குளத்துக்குக் கீழே, நரைநிறமான, நீர் வடியாத 'கிளே' மண். பழைய வயல்கள் பெரும்பாலும் இத்தாழ்நிலத்திலேயே அமைந்தன. மேட்டுச் செம்மண் சேனைக்கும் காட்டுக்கும் விடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் பெருங்குடியேற்றத் திட்டங்கள் செம்மண் மேட்டிலும் நெல்லைக் கொண்டு சென்றபோது, அம்மண் எவ்வளவு நீரை உறிஞ்சி வீணாக்குகிறது என்பதைப் பொறியியலாளர் காலங்கடந்தே கணக்கிட்டனர். தாழ்நிலத்தைத் தெரிந்தெடுத்த முன்னோரிடம் அட்டவணை இல்லை. ஆனால் தெரிவு இருந்தது. அத்தெரிவை ஓர் ஆவணமாக நாம் வாசிக்கலாம்.

தமிழ் மரபு மண்ணுக்குக் குறைகூறும் பெயரே வைக்கவில்லை என்பதன்று. களர், உவர் என்னும் சொற்கள் சோழர் காலச் செப்பேடுகளில் நில எல்லைக்குட்பட்டவற்றை எண்ணும் இடங்களில் வருகின்றன. கல்லாதவருக்குக் களரை உவமையாக்குகிறது திருக்குறள். ஆயினும் இப்பெயர்களின் முதன்மைப் பொருள் உப்பும் விளையாமையும். நீர் வடியாமை அன்று. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை எனவும் கொள்ளலாகாது. வடியாத நிலத்தில் நீர் ஆவியாகிக்கொண்டே இருந்தால் உப்பு மேலேறும். கடலண்டிய மன்னாரில் இந்த அச்சம் எப்போதும் உண்டு. எனவே கழிவு வாய்க்காலைப் பேணாத உழவன் காலப்போக்கில் தன் களியை உவராக்கிவிடுவான். வடியாமையைப் புகழ்வதில் ஓரளவு எச்சரிக்கை வேண்டும்.

இம்மண்ணோடு வாழ்தலின் நுட்பம் காலத்தில் அடங்கியுள்ளது. லிட்கமில் என் தெருவுக்கு இரு தெருக்கள் தள்ளி வாழும் முதியவர் ஒருவர் முருங்கனில் காலபோகமும் சிறுபோகமும் செய்தவர். காய்ந்த களியில் கலப்பை ஏறாது, நனைந்த களியில் எருமையே புதையும், இரண்டுக்கும் இடைப்பட்ட சில நாட்களைத் தவறவிட்டவன் அந்தப் போகத்தையே தவறவிட்டவன் என்பார் அவர். அந்நாட்களை எவ்வாறு அறிந்தீர்கள் என்று கேட்டேன். கட்டியொன்றை விரல்களிடையே நசுக்கிக் காட்டுவதுபோலக் கையை அசைத்தார். சொல்லாக எதுவும் வரவில்லை. நான் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்காக நூலகங்களில் கழித்த ஆண்டுகளில் ஒருமுறையேனும் இத்தகைய ஒருவரிடம் கேட்க எண்ணாதது இன்று உறுத்துகிறது.

அணையை மட்டுமே பார்த்த வரலாறு எங்கு வழுக்கும் என்பதற்கு சேர் எமர்சன் ரெனன்ற் சான்று. 1859இல் வெளிவந்த தமது நூலில் அவர், பண்டையோர் மட்டம் பார்ப்பதில் பிழைவிட்டதால் கட்டுக்கரைக் குளத்துக்கான கால்வாய் குளத்தை நிரப்பாது ஆற்றுக்கே திரும்பியது என எழுதினார். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீரமைப்பு நடந்தபின், அருவி ஆற்றின் தேக்கம் அணைக்கட்டிலிருந்து திருப்பப்பட்ட நீர் குளத்தை நிரப்பியது, இன்றும் நிரப்புகிறது. ரெனன்ற் கீழே உள்ள வயல் மண்ணை நோக்கியிருந்தால், அத்தகைய நிலத்துக்கு மேலே இவ்வளவு பெரிய, ஆழங்குறைந்த குளத்தை அமைத்தவர்கள் அறியாமல் அமைத்திருக்க இயலாது என்ற ஐயமேனும் அவருக்குத் தோன்றியிருக்கும்.

களிக்கு வேறொரு பயன் 1950களில் வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை சுண்ணக்கல்லைத் தன் அருகிலிருந்தும் களியை முருங்கனிலிருந்தும் பெற்றது. மதவாச்சிக்குச் சென்று வடக்கே திரும்பிய புகையிரதப் பெட்டிகளில் வயல்நாட்டின் மண் யாழ்ப்பாணத்துக்குப் போய், வீட்டுச் சுவராயிற்று. தொழிற்சாலை 1990இல் போரினால் நின்றது. முருங்கன் களியை அறிந்த யாழ்ப்பாணத்தவர் பலர் அதனை அறிந்தது இச்சரக்காகவே.

பெயர்களுக்குத் திரும்புவோம். 'கிளே' என்பது உருசிய, உக்ரேனிய உழவர் பேச்சுச் சொல். 1905இல் விசோட்ஸ்கி அதனை அறிவியலுக்குள் கொணர்ந்தார். வீங்கிச் சுருங்கும் களியில் தோன்றும் மேடுபள்ளங்களை உலகம் 'கில்காய்' என்கிறது. அது நியூ சவுத் வேல்சின் கமிலரோய், விராஜூரி மக்களின் சொல். இந்தியக் கரிசலைக் குறித்து ஆங்கிலேயர் வழங்கிய 'ரெகூர்' தெலுங்கினின்று வந்தது. 1961 வகைப்பாட்டின் தொகுதிப் பெயர்களில் தமிழ்ச்சொல் எதுவும் இல்லை.

லிட்கமிலும் கால்கீழ் இருப்பது களியே. வெப்பமண்டலக் களியன்று, வியனமட்டாக் களிப்பாறை சிதைந்து ஆனது. இங்கே வீடு கட்டுமுன் மனைநிலத்தின் மண் எவ்வளவு வீங்கிச் சுருங்கும் என ஏ.எஸ். 2870 என்னும் நியமப்படி வகுத்தாக வேண்டும். வறட்சியான கோடையில் என் வீட்டுச் சுவரில் ஒரு கீறல் விரியும், மழைக்குப்பின் ஒடுங்கும். அதைக் கண்ட முருங்கன் முதியவர் மட்டும் வியக்கவில்லை.

2007, 2008ஆம் ஆண்டுகளில் மன்னார்ப் பெருநிலப்பரப்பின் கிராமங்கள் பல வெறுமையாயின. மீண்டோர் வரம்புகளைத் திருத்தி விதைத்தனர். மீளாதோர் சிலர் சிட்னியிலும் மெல்பேர்னிலும் முதுமையடைந்துள்ளனர். களியின் நிலைகளுக்கு அவர்கள் வழங்கிய சொற்களையும் கைப்பழக்கங்களையும் ஒலி, ஒளிப் பதிவாகத் தொகுக்கும் பணியை இம்மாநாட்டின் ஆய்வாளர் எவரேனும் மேற்கொள்வாராயின், லிட்கமில் தொடங்கலாம். முதியவருக்கு இப்போது எண்பத்தேழு வயது.