காணாமல்போன மூன்றில் ஒரு பங்கு: 2018–2020 தமிழ்நாட்டுச் சாலை இறப்பு அட்டவணையும் கண்டரமாணிக்கம் வட்டார ஆண்டுக் கணக்கும்

சிறு ஊர்களின் சாலை விபத்துகளை ஆண்டுவாரியாக ஆராயும் கட்டுரைகளில் ஒரு சட்டகம் ஏறக்குறைய மாறாமல் வருகிறது. 2016க்குப் பின் தமிழ்நாட்டில் சாலை இறப்புகள் பாதிக்கும் கீழே போயின. மாநிலத்தில் தெரிந்த சரிவு மாவட்டத்திலும், மாவட்டத்தில் தெரிந்தது வட்டாரத்திலும் தெரிகிறது. ஆகவே மாநில அளவில் கூறப்படும் காரணங்களே ஊர் அளவிலும் செல்லும் என்பது அதன் சாரம். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர், குன்றக்குடி, பட்டமங்கலம் சூழ்ந்த கண்டரமாணிக்கம் வட்டாரத்தை இந்தச் சட்டகத்துக்குள் வைத்துப் படிக்க முடியாது என்பது என் வாதம். மாநிலச் சரிவு சொல்லப்பட்ட அளவில் நிகழவே இல்லை. இதை உறுதியாகவே சொல்கிறேன். ஊர் அளவில் தெரியும் சரிவும் பெருமளவு பதிவேட்டின் சரிவுதான் என்பது ஊகம். அதற்கான காரணங்களைக் கீழே தருகிறேன்.

சரிவுக் கதை ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளில் முதலில் அச்சான எண்களிலிருந்து பிறந்தது. அவற்றின்படி தமிழ்நாட்டில் 2016இல் 71,431 விபத்துகள், 17,218 இறப்புகள். 2017இல் 16,157 பேர், 2018இல் 12,216, 2019இல் 10,525, 2020இல் 8,059. நான்கே ஆண்டுகளில் 53 விழுக்காடு வீழ்ச்சி. மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியாகத் தமிழ்நாடு காட்டப்பட்டதும், ஒன்றிய அமைச்சரே மேடைகளில் பாராட்டியதும் இந்த எண்களை வைத்துத்தான்.

2022ஆம் ஆண்டுக்கான அறிக்கையின் ஐந்தாண்டு அட்டவணையில் அதே ஆண்டுகளுக்கு வேறு எண்கள் இருக்கின்றன. 2018க்கு 18,394, 2019க்கு 18,129, 2020க்கு 14,527. தொடர்ந்து 2021க்கு 15,384, 2022க்கு 17,884. பழைய வரிசையில் 8,059இல் நிற்கும் 2020க்குப் பக்கத்தில் 2021இன் 15,384ஐ வைத்தால், ஒரே ஆண்டில் இறப்புகள் ஏறக்குறைய இரட்டிப்பானதாக ஆகும். அப்படி ஒரு பேரழிவு மாநிலத்தில் எங்கும் நடக்கவில்லை. திருத்திய வரிசையில் 2020இன் இறக்கம் ஏறத்தாழ 20 விழுக்காடு. பல மாதம் பேருந்துகளே ஓடாத பொது முடக்க ஆண்டில் அது எதிர்பார்க்கக்கூடியதே.

முந்தைய ஆய்வுகள் இந்தத் திருத்தத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகின்றன. அல்லது ‘தரவுகளில் சில முரண்பாடுகள் உள்ளன’ என்ற ஒற்றை வரியோடு தாண்டிவிடுகின்றன. திருத்தம் எங்கே நிகழ்ந்தது என்பதை நிதானமாகப் படித்தால் அது நிறையச் சொல்கிறது. 2018ஆம் ஆண்டு வரியையே எடுத்துக்கொள்வோம். விபத்துகள் 63,920இலிருந்து 67,279 ஆயின, கூடியது 3,359. இறப்புகள் 12,216இலிருந்து 18,394 ஆயின; கூடியது 6,178. இந்திய மொத்தத்தைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். நாட்டின் 2018 விபத்துகள் 4,67,044இலிருந்து 4,70,403ஆகத் திருத்தப்பட்டன. வித்தியாசம் அதே 3,359. இறப்புகள் 1,51,417இலிருந்து 1,57,593 ஆயின. வித்தியாசம் 6,176, தமிழ்நாட்டின் எண்ணுக்கு இரண்டு குறைவு. அந்த ஆண்டில் நாட்டுக் கணக்கு முழுவதும் மாறியது ஒரு மாநிலத்தின் பொருட்டு என்பதில் ஐயமில்லை.

சேர்ந்த விபத்துகளைவிடச் சேர்ந்த இறப்புகள் ஏறத்தாழ இரு மடங்கு. இது எப்படி ஆகும்? உயிரிழப்பு நேரும் விபத்து ஒன்றில் சராசரியாக ஒருவருக்குச் சற்று மேல்தான் இறக்கிறார்கள். 2022இல் நாடு முழுவதும் 1,55,781 உயிரிழப்பு விபத்துகளில் 1,68,491 பேர், அதாவது விபத்துக்கு 1.08. புதிதாகச் சேர்ந்த 3,359 விபத்துகளும், ஒன்றுவிடாமல், உயிரிழப்பு விபத்துகள் என்றே வைத்துக்கொண்டாலும் அவற்றில் சுமார் 3,630 இறப்புகளுக்கு மேல் அடங்காது. மிச்சம் 2,550. இந்த 2,550 பேர் முன்பே பதிவாகி, முன்பே எண்ணப்பட்டு, ‘காயம்’ என்ற பத்தியில் உட்கார்ந்திருந்த வழக்குகளைச் சேர்ந்தவர்கள் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. இதே கணக்கை 2019க்கும் (விபத்துகள் 57,228இலிருந்து 62,685), 2020க்கும் (45,484இலிருந்து 49,844) போட்டால் ஆண்டுக்கு 1,700 அளவில் வருகிறது. எல்லாமே கீழ் வரம்புகள். சேர்ந்த விபத்துகளில் பாதிதான் உயிரிழப்பு விபத்துகள் என்றால் 2018இல் மட்டும் இந்த எண்ணிக்கை நாலாயிரத்தைத் தாண்டும்.

காயம் இறப்பாவதும் பத்தி மாறாமல் நிற்பதும் எப்படி என்பது காவல் நிலைய நடைமுறை தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. அந்த ஆண்டுகளில் இந்த வட்டாரத்து வழக்கு ஒன்றின் பாதை இப்படிப் போகும். இருட்டில் டிவிஎஸ் வண்டியில் வந்தவர் மீது கார் மோதுகிறது. 108 வருகிறது. திருப்பத்தூர் அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டு, தலைக்காயம் என்பதால் சிவகங்கைக்கோ நேரே மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ ‘ரெஃபர்’ செய்கிறார்கள். முதல் மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியை (விபத்துப் பதிவேட்டு நகலை) வைத்து, உறவினர் கொடுத்த புகாரின் பேரில், அன்றோ மறுநாளோ எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது: இந்திய தண்டனைச் சட்டம் 279 (அசட்டையாக வண்டி ஓட்டுதல்), 338 (கொடுங்காயம்). மாதம் முடிகிறது, மாதாந்திர அறிக்கை மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடுகிறது. பன்னிரண்டாம் நாளோ இருபதாம் நாளோ அவர் மதுரையில் இறக்கிறார். மருத்துவமனையிலுள்ள காவல் அவுட்போஸ்டிலிருந்து இறப்புத் தகவல் வருகிறது. நிலையத்திலிருந்து ஆள் போய்ப் பிரேத விசாரணை நடத்தி, உடலை ஒப்படைத்து, கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்னும் 304(அ)வுக்குப் பிரிவு மாற்றி, மாற்றறிக்கையை நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார்கள். வழக்கைப் பொறுத்தவரை எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் குடும்பத்துக்கு உதவப்போவதும் இந்தக் காகிதம்தான் என்பதால் அதில் யாரும் அசட்டையாக இருப்பதில்லை. போன மாதம் அனுப்பிய அறிக்கையின் ‘காயம்’ பத்தியில் ஒன்றைக் கழித்து ‘இறப்பு’ பத்தியில் ஒன்றைக் கூட்டுவதற்கு மட்டும் யாருக்கும் தனியாக அவசியம் இல்லை. விபத்து நடந்த 30 நாளுக்குள் இறந்தால் சாலை இறப்பாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. மாத அறிக்கை அந்த 30 நாள் முடிய எப்போதும் காத்திருப்பதில்லை.

இது என் வாசிப்பு. திருத்தம் எப்படிச் செய்யப்பட்டது என்பதை அறிக்கை விளக்கவில்லை. விடுபட்ட இறப்புகள் அனைத்தும் இந்த ஒரு வழியில்தான் விடுபட்டன என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2018இன் கணக்கு இந்தத் திசையைத்தான் காட்டுகிறது. வேறு எந்த விளக்கமும் அந்த 2,550ஐத் தொடுவதில்லை.

2021இல் மாநிலத்தில் ஆட்சி மாறியதால் எண்ணும் மாறியது, முந்தைய ஆட்சியைக் குறைத்துக் காட்டத் திருத்தினார்கள் என்றொரு பேச்சு உண்டு. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. நூறு விபத்துக்கு இத்தனை இறப்பு என்ற விகிதம் திருத்திய வரிசையில் 2018 முதல் 2022 வரை ஏறத்தாழ 27க்கும் 29க்கும் இடையிலேயே நிற்கிறது. புதிய ஆட்சியின் சொந்த ஆண்டுகளும் அதற்குள்தான். பழைய வரிசையிலோ அது 2016இல் 24, 2018இல் 19, 2020இல் 18க்கும் கீழ். நாட்டின் விகிதம் 31க்கு மேல் இருந்த காலத்தில் இது நடந்தது. அவசர சிகிச்சை மேம்பட்டதால் காயம்பட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்று இந்த இறக்கத்துக்கு விளக்கம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சை மேம்பட்டது உண்மை. அது மேம்பட்ட ஆண்டுகளில் திருத்திய விகிதம் அசையவில்லை என்பதும் உண்மை.

நெடுஞ்சாலை மதுக்கடை விளக்கத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 மார்ச் 31 அன்று, இருபதாயிரத்துக்கு மேற்படாத மக்கள்தொகையுள்ள உள்ளாட்சிகளுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது. கண்டரமாணிக்கம் போன்ற ஊராட்சிகளுக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது அளவுதான். 2016க்கும் 2017க்கும் இடையிலான ஆறு விழுக்காட்டு இறக்கத்துக்கு அந்த ஆணையில் பங்கு இருந்திருக்கலாம். அதன் பிறகு அதன் தலையில் ஏற்றப்பட்ட சரிவு காகிதத்தில் நடந்தது.

இனி ஊர்க் கணக்கு. விடுபட்டவர்களின் பங்கை ஆண்டுவாரியாகப் பாருங்கள். 2018இல் உண்மை இறப்புகளில் 34 விழுக்காடு முதல் அறிக்கையில் இல்லை. 2019இல் 42. 2020இல் 45. ஓட்டை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகியிருக்கிறது. இந்த ஆய்வின் மையமே இதுதான்: பெரிதாகிக்கொண்டே போகும் விடுபாடு, சாலையில் எதுவும் மாறாதபோதும், அட்டவணையில் சரிவாகத் தெரியும். ஒரு நிலைய எல்லையில் ஆண்டுக்கு நாலு பேர் இறக்கிறார்கள் என்று உவமைக்கு வைத்துக்கொள்வோம். இது கண்டரமாணிக்கத்தின் எண் அல்ல. மாநிலத்தில் விடுபட்ட அதே விகிதத்தில் அங்கும் விடுபட்டால், பதிவில் மூன்றுக்குக் கீழே தொடங்கி இரண்டை நோக்கி இறங்கும். ஓர் ஆய்வாளர் அதைப் பார்த்துத் தலைக்கவசச் சோதனையையோ வேகத்தடையையோ பாராட்டுவார்.

விடுபாடு எல்லா ஊரிலும் ஒரே அளவாக இருந்திருக்காது. இந்த வட்டாரத்தில் சராசரியைவிடக் கூடுதலாக இருந்திருக்கும் என்று கருதுகிறேன். பலத்த காயத்துக்கு மதுரைதான் கதி; அறுபது கிலோமீட்டருக்கு மேல், இடையில் ஒன்றிரண்டு மருத்துவமனைகள். இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம். தூரம் கூடினால் சம்பவ இடத்திலேயோ வழியிலேயோ இறப்பவர்களும் கூடுவார்கள். அவர்கள் முதல் எஃப்.ஐ.ஆரிலேயே 304(அ)வில் வந்துவிடுவார்கள். ஆகவே விடுபாடு குறைய வேண்டும். இது கனமான மறுப்பு. எந்தப் பக்கம் எடை கூடுதல் என்பதை மாநில அட்டவணையை வைத்துத் தீர்க்க இயலாது. நிலையத்தின் மாற்றறிக்கைப் பிரதிகளையும், மதுரை அவுட்போஸ்டின் இறப்புத் தகவல் பதிவேட்டையும், மாத அறிக்கையையும் விபத்துத் தேதி வாரியாக ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்தால் தீர்க்கலாம். ஒரு நிலையத்துக்கு ஐந்தாண்டுக் கணக்கு என்றால் பெரிய வேலையும் அல்ல.

பதிவு முழுமையாகவே இருந்தாலும், இத்தனை சிறிய எண்களில் ஆண்டுக்கு ஆண்டு விழுக்காடு போடுவது தவறு. சராசரி நாலு என்றால், எதுவுமே மாறாத நிலையில், தற்செயலாகவே ஓர் ஆண்டின் எண் ஒன்று முதல் எட்டு வரை எங்கு வேண்டுமானாலும் விழும். நூற்றில் தொண்ணூற்றாறு ஆண்டுகள் அந்த எல்லைக்குள்தான். ஆறு மூன்றாவது ‘50 விழுக்காடு குறைவு’ அல்ல, மூன்று ஆறாவது ‘நூறு விழுக்காடு உயர்வு’ம் அல்ல. 2025 நவம்பர் 30 அன்று திருப்பத்தூர் அருகே கும்மங்குடிப் பக்கம் இரண்டு அரசுப் பேருந்துகள் நேருக்கு நேர் மோதியதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே நிகழ்வு, பல ஆண்டுகளின் எண்ணிக்கை ஒரே நாளில் சேர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு எந்த நடவடிக்கையும் எடுக்காமலே இந்தப் பகுதியில் இறப்புகள் ‘குறையும்’.

மக்கள்தொகைக்கு இத்தனை என்று வகுப்பதும் இந்த வட்டாரம் அடங்கிய செட்டிநாட்டில் உதவாது. கடைசிக் கணக்கெடுப்பு 2011இல் நடந்தது. ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் மாதங்களும் உண்டு. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சென்னையிலிருந்தும் கடல் கடந்தும் வந்த கார்கள் தெருவை அடைக்கும் நாட்களும் உண்டு. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வரும் கூட்டமும், குன்றக்குடி வழியாகப் பழனிக்கு இரவெல்லாம் நடக்கும் காவடிக் கூட்டமும் எந்த வகுஎண்ணிலும் இல்லை. பையிலும் கைத்தடியிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொண்டு அவர்கள் சாலையோரமாக நடப்பது அண்மைக்கால வழக்கம். அதன் பயனை ஆண்டுக் கணக்கிலிருந்து பிரித்துக் காட்ட எந்தப் புள்ளியியல் முறையாலும் முடியாது.

2021க்குப் பிந்தைய ஏற்றத்தைப் படிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதுவரை ‘வண்டியிலிருந்து விழுந்துட்டார்’ என்று சொல்லித் தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொண்டவர்களும் விபத்து என்று எழுதிக்கொள்ள இப்போது காரணம் இருக்கிறது. சிறு ஊர்களில் காயங்கள் கூடியதாகத் தெரிவதில் ஒரு பகுதி இதனால் என்றே நினைக்கிறேன்.

அடுத்த பொய்ச் சரிவு ஏற்கெனவே தயாராகிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடப்புக்கு வந்தது. 279 இருந்த இடத்தில் 281, 304(அ) இருந்த இடத்தில் 106(1). நிலையக் குறிப்பேடுகளிலிருந்து 304(அ) வழக்குகளை மட்டும் எண்ணும் பழக்கமுள்ளவர்களுக்கு அந்த ஆண்டின் முதல் பாதியில் வழக்கமான எண்ணும், இரண்டாம் பாதியில் ஏறக்குறையச் சுழியும் கிடைக்கும். சாலை தொடர்பற்ற பிற கவனக்குறைவு மரணங்களும் 106(1)இல் உண்டு என்பதால் இரண்டையும் வெறுமனே கூட்டினாலும் சரிவராது. 281 சேர்ந்து வரும் வழக்குகளை மட்டும் பிரித்தெடுத்து, விபத்து நடந்த தேதியின்படி ஆண்டில் வைக்க வேண்டும்.