மேப்பிளின் காயம்

ஜப்பானியர் மேப்பிள் மரத்தைக் 'கயேதே' என்றழைக்கின்றனர். தவளையின் கை என்று பொருள்படும் பழஞ்சொல்லின் மரூஉ அது. ஸ்வீடிஷ் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க் 1784இல் அதற்கு 'ஏசர் பால்மேட்டம்' என்று பெயரிட்டார். அவர் அந்த இலையில் கண்டது மனிதனின் உள்ளங்கையை.

துன்பெர்க் 1775இல் ஜப்பானில் கால்வைப்பதற்கு வெகுகாலம் முன்பே மேப்பிள் அங்கே தோட்டமரமாகிவிட்டிருந்தது. எடோ நகரின், அதாவது இன்றைய டோக்கியோவின், புறத்தே இருந்த சோமெய் கிராமம் நாற்றங்கால்களுக்குப் பெயர்பெற்றது. அவ்வூர் இட்டோ இஹெய் குடும்பத்தார் தலைமுறைகளாகத் தோட்டக்கலை நூல்களை வெளியிட்டவர்கள். 1710இல் அவர்கள் தந்த பட்டியலில் 36 மேப்பிள் வகைகள் இடம்பெற்றன.

இம்மரத்தைக் கவாத்து செய்யும் ஜப்பானிய முறை, வேலிச்செடியை மட்டமாகக் கத்தரிப்பதைப் போன்றதன்று. 'சுகாஷி' என்னும் அம்முறையில் கிளைகளிடையே வெளிச்சம் ஊடுருவும்படி சிறு கிளைகளை அவை பிரியுமிடத்திலேயே ஒவ்வொன்றாக நீக்குவர். மேப்பிளின் மொட்டுகள் எதிரெதிராக இணைந்து வருபவை. நுனியை வெட்டினால் இரண்டும் துளிர்த்துக் கவட்டையாகிவிடும். ஒன்றை விட்டு ஒன்றை நீக்கினால்தான் கிளை இயல்பான வளைவோடு செல்லும்.

ஐரோப்பாவிலோ வேறொரு கொள்கை வேரூன்றியது. பிரான்ஸின் தே கார் பிரபு 1860களில் எழுதிய கவாத்து நூல், கிளையைத் தண்டோடு ஒட்டச் சீவி வெட்டுப்பரப்பில் நிலக்கரித் தார் பூசச் சொன்னது. பாஸ்டனில் உள்ள ஆர்னால்டு மரத்தோட்டத்தின் இயக்குநர் சார்லஸ் சார்ஜென்ட் 1881இல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். வழவழப்பான வெட்டு, கருமையான பூச்சு, மருத்துவன் கட்டிய கட்டுப்போன்ற நேர்த்தி. நல்லெண்ணத்தோடு தோட்டக்காரர்கள் அதைப் பின்பற்றினர். மரங்கள் உள்ளுக்குள் உளுத்தன.

இக்கொள்கையை வீழ்த்தியவர் அமெரிக்க வனத்துறை அறிவியலாளர் அலெக்ஸ் ஷைகோ. ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலிரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பார்த்தவர் அவர். 1977இல் வெளியான அவரது விளக்கத்தின் சாரம் இதுதான்: மரத்தின் காயம் நம் தோலைப்போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளே சுவரெழுப்பி, அதன்மேல் புதுக்கட்டையை வளர்த்துக்கொள்கிறது. பழைய காயம் அம்மரம் வாழும்வரை உள்ளேயே இருக்கிறது. கிளையின் அடியில் வளையமாகப் புடைத்திருக்கும் கழுத்து, அத்தற்காப்பு அமையும் இடம். ஒட்டச் சீவுவதென்பது அந்தக் கழுத்தையே அறுத்தெறிவது. தாரும் அழுகலைத் தடுக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

எனவே இன்று வீட்டுத்தோட்டத்தில் மேப்பிள் வளர்ப்போர் கழுத்துக்கு வெளியே வெட்டி, பூச்சின்றி விட்டுவிடுகின்றனர். மொட்டு விரியுமுன் சாறு ஏறும் பருவத்தில் வெட்டினால் நீர் சொட்டும் என்பதால், கோடையையோ இலையுதிர்ந்த பிந்தைய நாட்களையோ தேர்கின்றனர். பட்டுப்போன கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை; முதலில் இவ்விரண்டு மட்டும்.

நமக்கு நோவது போலவே மரத்துக்கும் நோகும், நாம் ஆறுவதுபோலவே அதுவும் ஆறும் என்ற பரிவிலிருந்தே நூறாண்டுக்காலப் பிழை ஒன்று பிறந்தது. இலையில் நம் கையைக் காண்பதில் தவறில்லை. தண்டில் நம் உடலைக் காண்பதுதான் ஆபத்து.