பந்தல் பிரித்த பின்பு



தாம்பரத்தில் தோட்டம் உள்ள வீடுகள் ஒவ்வொன்றாய் அடுக்குமாடிகளாகி வருகின்றன. ஆயினும் அவரையோ முல்லையோ படர்ந்த ஒரு சிறு பந்தல் இன்னும் சில வீடுகளின் பின்புறத்தில் நிற்கக் காண்கிறோம். அந்த எளிய சொல்லின் வரலாற்றை இவ்வாரம் தியானிப்போம்.

பந்தல் என்பது பழந்தமிழ்ச் சொல். சிலப்பதிகாரத்தில் அது 'பந்தர்' என வருகிறது. சாம்பல், சாம்பர் ஆவதுபோல, ஈற்றெழுத்து மாறியும் பொருள் மாறாத இதனை இலக்கணத்தார் கடைப்போலி என்பர். கொடி படர இட்டதும், மணமக்களுக்காக இட்டதும், வழிப்போக்கரின் தாகம் தீர்க்க இட்டதும் ஒரே பெயரைப் பெற்றன. திருநாவுக்கரசரின் பெயரால் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தல் அமைத்ததைப் பெரியபுராணம் சொல்லுகிறது. ஆங்கிலேயரும் இச்சொல்லைத் தமிழிலிருந்தே எடுத்துக்கொண்டனர். இன்று கொல்கத்தாவின் பூசைக் கூடங்களுக்கும் இதுவே பெயர்.

பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே விட்டுச் சென்றான் பாரி. அவன் சென்றபின்பும் தேர் அங்கேயே நின்றது. கொடிக்கு வேண்டியது அதுதான்.

வேதத்திலும் ஒரு நிழலைக் காண்கிறோம். யோனா நினிவேக்குக் கிழக்கே தனக்கென்று ஒரு குடிசை போட்டு, நகரத்துக்கு என்ன நேரிடுமோ என்று பார்த்திருந்தான். தேவனோ அந்நகரின் 1,20,000 பேருக்கும் அதிகமானோரை நினைத்துப் பரிதபித்தார்.

நம் தெருவில் ஒரு மரணம் நேர்ந்தால் சிறிது நேரத்திற்குள் பந்தல் எழும்பிவிடுகிறது. அடக்க ஆராதனை முடிந்த மறுநாளே நாற்காலிகளை அடுக்கி, பந்தலைப் பிரித்து, வண்டியில் ஏற்றிவிடுகின்றனர். ஜெபித்து முடித்த நானும் அடுத்த வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறேன். கணவரை இழந்த ஒரு தாயார் சில மாதங்கள் கழித்து ஆலய வாசலில் என்னிடம், "ஐயா, பந்தல் பிரிச்ச அப்புறம் நம்ம சபையில இருந்து யாருமே வரலை" என்றார். அவர் குறை சொல்லும் குரலில் பேசவில்லை. ஆகவே அச்சொல் என்னை அதிகமாய்க் குத்தியது.

பிரியமானவர்களே, பந்தலின் கீழ் அமர எல்லாரும் வருகிறோம். கொடி பற்றிக்கொள்ளத் தேடுவதோ அதற்குப் பின்வரும் நாட்களில்தான். இந்த வாரம், பந்தல் பிரிக்கப்பட்ட ஒரு வீட்டின் கதவைத் தட்டுங்கள். நான் முதலில் அந்தத் தாயாரின் வீட்டுக்குச் செல்லுகிறேன்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.