அம்பத்தூர்ச் சைக்கிளும் அடையாற்று ஆஸ்பத்திரியும்

சைக்கிளுக்கும் தர்மத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் நம் ஊர்ப் பழைய மனிதர்கள் சிரிப்பார்கள். சைக்கிளோடு சம்பந்தப்பட்டவை என்று அவர்கள் அறிந்தவை மூன்றே: வாடகைக் கடை, பஞ்சர், விளக்கில்லாமல் வந்தவனைப் பிடிக்கும் போலீஸ்காரர். இப்போதோ ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிச் சாலைகளில் தலைக்கவசம் அணிந்து கூட்டமாகச் சைக்கிளில் போகிறவர்களைப் பார்க்கிறோம். உடம்பு இளைக்கப் போகிறவர்கள் பலர். ஏதேனும் ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டப் போகிறவர்களும் உண்டு. வெளிநாடுகளில் குழந்தைகளின் புற்றுநோய்க்கென்றே ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் மிதிக்கிறார்கள்.

"கொடுக்க மனமிருந்தால் பேசாமல் கொடுத்துவிட்டுப் போகலாமே! நடுவில் இந்த வியர்வை எதற்கு?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடிப் போன இடத்தில் ஒரு சரித்திரம் கிடைத்தது. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் அம்பத்தூர். தொழிற்பேட்டை வந்தது 1964-ல். ஆனால் அதற்கு முன்பே அந்த ஊருக்குச் சைக்கிள் வந்துவிட்டது. 1949-ல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அதுவரை பர்மிங்ஹாமில் பிறந்து கப்பலேறி வந்துகொண்டிருந்த ஹெர்குலிஸ், அதன் பிறகு அம்பத்தூரிலேயே பிறக்கலாயிற்று. அந்த இங்கிலீஷ் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஸர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட். 1966-ல் முருகப்பா குடும்பத்தாரின் அறநிலையம் அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி கட்டி, அதற்கு அவர் பெயரையே வைத்தது. ஆக, சைக்கிளும் ஆஸ்பத்திரியும் அந்த ஊரில் ஏற்கெனவே உறவுக்காரர்கள்.

எந்தக் கம்பெனிக் கணக்கிலும் ஏறாத இன்னொரு சைக்கிள் சரித்திரமும் உண்டு. ஊர்ப் பொட்டலில் ஒரு கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஒருவன் அதைச் சுற்றிச் சுற்றிச் சைக்கிள் ஓட்டுவான். ஐந்து நாள், ஏழு நாள், பத்து நாள் என்று கணக்கு. கீழே கால் ஊன்றக் கூடாது. சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. மாலையில் பாட்டும் வேடிக்கையும் நடக்கும். ஜனங்கள் ரூபாய் நோட்டை அவன் சட்டையில் குத்துவார்கள். கடைசி நாளில் கண் சிவந்து, கால் வீங்கி அவன் சுற்றும்போது, முதல் நாள் கேலி செய்த கிழவிகளே கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதே மனிதன் வாசலில் வந்து கை நீட்டியிருந்தால் காலணா பெயர்ந்திருக்குமா என்பது சந்தேகம். அவன் சுற்றியது தன் வயிற்றுக்காக. இருந்தாலும் ஒரு விஷயத்தை அவன் நன்றாக அறிந்திருந்தான்: ஒருவன் படும் பாட்டைக் கண்ணால் கண்டால்தான் பிறருக்குக் கை நீளும்.

இனி அடையாற்றுக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தாள். டாக்டராக இருந்தும் அக்காளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த நோய்க்கென்று தனியாக ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் நேருஜி அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் ஆஸ்பத்திரி திறந்தபோது இருந்தவை பன்னிரண்டே படுக்கைகள். அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்து 2021-ல் மறையும் வரை அதையே வீடாகக் கொண்டிருந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1960-ல் அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. நம் நாட்டில் அதுவே முதல்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து உண்டு என்பதே அப்போது புதிய செய்தி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர், பதினாறு குழந்தைகளுக்கு ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்து, பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948-ல் எழுதினார். அந்த மருந்தைச் செய்து கொடுத்தது எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. சுப்பாராவ் யார்? நம் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் உடுத்திப் பேராசிரியரின் அதிருப்தியைச் சம்பாதித்து, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ்.ஸோடு வெளியேறியவர். மாமனார் தந்த பணத்தில்தான் அவர் கப்பலேற முடிந்தது.

மருந்து கிடைத்தால் போதுமா? ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டுமே! அதே 1948 மே மாதம், ஃபார்பரிடம் சிகிச்சை பெற்ற பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை 'ஜிம்மி' என்ற புனைபெயரில் ரேடியோவில் பேச வைத்தார்கள். இருபதாயிரம் டாலர் சேர்ந்தால் அவனுக்கு ஒரு டெலிவிஷன் பெட்டி என்று அறிவிப்பு. வந்து குவிந்ததோ இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்துக்கும் மேல். அந்தப் பையன் பிழைத்து, அறுபத்தைந்து வயது வரை வாழ்ந்து, 2001-ல்தான் காலமானார்.

1980-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. கனடாவில் புற்றுநோய்க்கு ஒரு காலைப் பறிகொடுத்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், பொய்க்காலோடு நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவிவிட, அதற்குமேல் முடியவில்லை. மறு வருஷம் இறந்தார். அப்போது வயது இருபத்திரண்டு. அதே 1980-ல் அமெரிக்காவில் முப்பத்தாறு பேர் சைக்கிளில் புறப்பட்டு 10,200 டாலர் சேர்த்து, ஜிம்மி பெயரால் ஏற்பட்ட அந்த நிதிக்குக் கொடுத்தார்கள். வருஷந்தோறும் நடக்கும் அந்தச் சைக்கிள் யாத்திரை இன்றுவரை திரட்டிய தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது!

நம் பொட்டல்காரன் அறிந்திருந்த அதே ரகசியந்தான். வித்தியாசம் ஒன்றே: இங்கே மிதிக்கிறவன் வேறு, பணம் போய்ச் சேரும் வயிறு வேறு. நண்பரின் கேள்விக்கு இதுவே என் பதில். வியர்வைக்குத் தனியாக மகிமை ஏதுமில்லை. 'இந்தக் காரியத்தை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை' என்பதற்கு அது ஒரு ஜாமீன்.

ஜாமீன் எவ்வளவு காலத்துக்கு என்பதுதான் முக்கியம். 1984 முதல் அடையாறு, மும்பை டாட்டா, டில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று ஆஸ்பத்திரிகளும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. அதற்கு முன் நூற்றுக்கு இருபது குழந்தைகள் தேறினாலே பெரிது. பிறகு நாற்பது முதல் அறுபது வரை தேறினார்கள். பணக்கார நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் குணமடைகிறார்கள் என்றும், ஏழை நாடுகள் பலவற்றில் முப்பதைக்கூட எட்டுவதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரணங்களில் ஒன்று, பாதியில் நின்றுபோகும் சிகிச்சை. ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, இரண்டரை வருஷம் மருந்து உண்டு. ஆனால் முதல் ஒன்றிரண்டு மாதத்திலேயே குழந்தை தெளிந்து விளையாட ஆரம்பித்துவிடும். தினக்கூலிக்காரத் தகப்பன் என்ன நினைப்பான்? பஸ் சார்ஜ், தங்கும் செலவு, போன கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பான். குழந்தைதான் நன்றாயிருக்கிறதே என்று ஊரோடு இருந்துவிடுவான். நோய் திரும்பி வரும்போது முன்போல மருந்துக்குக் கட்டுப்படுவது கடினம்.

அம்பத்தூரிலிருந்து அடையாறு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். சைக்கிளில் ஒரு காலைப் பொழுது. அந்தத் தகப்பனுக்கோ அது இரண்டரை வருஷத் தூரம். ஆகவே தலைக்கவசக்காரர் யாராவது உங்களிடம் நிதி கேட்டு வந்தால், எத்தனை கிலோமீட்டர் போகிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை மாதத்துக்கு, பஸ் சார்ஜும் சாப்பாடும் அதில் அடக்கமா என்றும் கேளுங்கள். சரியான பதில் வந்தால், முந்தானை முடிச்சை அவிழ்த்த அந்தக் கிழவிகளைப் போலக் கொடுங்கள்.